டெல்லியில் 'நஹி' சொன்ன அம்மாவுக்கு

என் ஆசை அம்மாவுக்கு,

போன ஞாயித்துக்கிழமை திண்டுக்கல்லில் நம்ம கட்சி மாநாடு. மேடைக்குப் பின்னால் தேசியத் தலைவர்கள் எல்லாருடைய படமும் பெரிய பேனரில் இருந்தது. உன் படம் மட்டும் இல்லை. நம்ம நிலக்கோட்டைக்காரங்க படம் எங்கே என்று மாவட்டச் செயலாளரிடம் கேட்டேன். நிலக்கோட்டைக்காரங்க ஒருத்தங்க தேசியத் தலைவரா இருந்தாங்களா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். கோபம் வரவில்லை அம்மா, சிரிப்புத்தான் வந்தது. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உன் கதையைச் சொல்ல உட்கார்ந்தேன்.

மல்லிகைத் தோட்டத்துக்காரி நீ. பூ வேன் போக நல்ல ரோடு கேட்டுப் பெண்களோடு மறியலில் உட்கார்ந்ததுதான் உன் அரசியலுக்கு ஆரம்பம். அப்புறம் பேரூராட்சிக் கவுன்சிலர், மாவட்டத் தலைவி, மாநிலத் துணைத்தலைவி. டெல்லியில் இரண்டு கோஷ்டிகள் முட்டிக்கொண்டபோது உன்னைத் தேசியத் தலைவர் ஆக்கினார்கள். இந்தி தெரியாத அம்மா, காட்டுன இடத்தில் கையெழுத்துப் போடும் என்று நினைப்பு.

பிறகு அவர்களே ஒரு மந்திரி பதவிக்காகக் கட்சியையே ஆளுங்கட்சியோடு சேர்த்துவிடப் பார்த்தார்கள். செயற்குழுக் கூட்டத்தில் நீ தமிழில் மறுத்தாய். மொழிபெயர்க்க வந்தவர் பயந்து வாயை மூடிக்கொண்டார். நீயே எழுந்து, உனக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல்லைச் சொன்னாய்.

"நஹி."

 பிறகு ஒடிசாக்காரர் ஒருவர் உன் பக்கம் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் பலர். கட்சி பிழைத்தது. உன்னைத்தான் அடுத்த வருஷமே இறக்கிவிட்டார்கள். ஊருக்கு வந்த மறுநாளே நீ பூப் பறிக்கப் போனாய். வருத்தமா என்று கேட்டேன்.

"இம்புட்டு நாளா செடிக்கு யாரு தண்ணி பாய்ச்சுனா, அதைச் சொல்லு முதல்ல" என்றாய்.

உள்ளுக்குள் வலித்ததா அம்மா? கண்ணை மூடுகிற வரைக்கும் நீ சொல்லவே இல்லையே.

நான் முடிப்பதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. செயலாளர் என்னை மேடையில் ஏற்றி, அதையே மைக்கில் சொல்லச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னேன். இறங்கி வந்ததும், வரப்போகிற தேர்தலில் உங்க வார்டில் நிக்கிறீங்களாக்கா என்றார். யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

உன் மாப்பிள்ளைக்குத்தான் முதலில் பயம். இப்போது ஸ்கூட்டரில் என்னை வீடு வீடாகக் கூட்டிப் போகிறவரும் அவர்தான். எரியோட்டுச் சித்தி தினமும் போன் போட்டு, சத்தமாப் பேசுடி என்கிறாள்.

ஜெயிப்பேனா, தெரியாது. ஆனால் ஓட்டுக் கேட்டுப் போன ஒவ்வொரு வீட்டுக்கும், தோற்றாலும் திரும்பப் போவேன், அவர்கள் குறையைக் கேட்க. இது சத்தியம் அம்மா.

உன் மூத்த மக,
ஜெசி