சிரிப்பை நிறுத்திய வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. உங்கள் சுகத்தை அறிய ஆசை. எங்கள் சுகத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்களுக்கு இருப்பது ஒன்றரை அறை. அடுப்படியில் கிசுகிசுத்தாலும் உங்கள் அண்ணன் காதில் விழும். பகலில் எங்கள் ஒரே ஃபோனும் அவரோடு கடைக்குப் போய்விடும். இதை அவர் கேட்கக் கூடாது.

முதலில் உங்கள் கோபத்துக்குப் பதில். நீங்கள் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிறேன், அண்ணனையும் தம்பியையும் பிரிக்கப் பார்க்கிறேன் என்று உங்கள் மனைவியிடம் சொன்னீர்களாம். பிரிக்கவில்லை. பிடுங்குவது உண்மைதான்.

கண்ணாடிக் கடையில் அவர் கையைக் கிழித்துக்கொண்டார் என்று போன வருடம் சொன்னேனே, அது பாதிதான். ஆளுயரக் கண்ணாடியை ஒரு பக்கம் இவரும் மறுபக்கம் கூட்டாளியும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த மனிதர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, இவர் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். முழங்கால் மடங்கி, கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி சரிந்துவிட்டார். இவருக்கு உள்ளங்கையில் ஏழு தையல். கூட்டாளிக்கு ஒரு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. "பகல்லயே போட்டுட்டு வந்திருக்கான்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னாராம். உங்கள் அண்ணன் காப்பியைத் தவிர எதையும் தொடாதவர். "எல்லாம் கேட்டுச்சு. குடிக்கலைன்னு சொல்ல நாக்கு எழும்பலை" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே பகலில் தூங்கி விழுவார். தட்டில் கை வைத்தபடியே தூங்குவார். சோம்பேறி என்று நான் திட்டாத திட்டில்லை. இப்போது நினைத்தால் வாயைச் சுட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயரை ஒட்டி, பகலில் ஐந்து தடவை தூங்கச் சொன்னார்கள். ஐந்து தடவையும் கண்ணை மூடியதும் தூங்கிவிட்டார். அவர் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே பரீட்சை அதுதான். மூளையில் விழிப்பைப் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்று வற்றிவிட்டதாம். அதனால் தூக்கம் நேரங்கெட்ட நேரத்தில் வருகிறது. சிரிப்பு வந்தால் நினைவு இருக்கும், உடம்பு மட்டும் விட்டுவிடும். அடியோடு குணமாகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர்.

இனி நான் செய்த காரியம். மாத்திரை தொடங்கிய வாரமே, மகள் சொன்ன எதற்கோ சிரித்து அடுப்பருகே சரிந்தார். அன்றோடு வீட்டில் சிரிப்பை நிறுத்திவிட்டேன். டிவியில் செய்தி மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலே வேடிக்கைதான், அவரை வாசலோடு அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு நிமிடம். நானும் உம்மணாமூஞ்சி ஆகிவிட்டேன். ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அப்பா எப்பம்மா வெளியே போவாங்க? ஒண்ணு சொல்லிச் சிரிக்கணும்" என்றாள். பத்து வயதுப் பிள்ளை, தம்பி.

மூன்று மாதமாக அவர் விழவில்லை. மாத்திரை கேட்டுவிட்டது என்று நம்புகிறார். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என் பக்கம் திரும்பி, விழுந்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் இல்லையே. பழைய வேலைக்கே போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனை நாளும் கடை ஓரமாகத் தனியாக உட்கார்ந்து மரச்சட்டம் தேய்த்துக்கொண்டிருந்தவரை, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து பழையபடி கண்ணாடி தூக்க வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. மறுபக்கம் பிடிக்கப்போவது அதே கூட்டாளி. அந்த மனிதரால் சிரிக்கச் சிரிக்கப் பேசாமல் அரை மணி நேரம் இருக்க முடியாது.

வீட்டில் சிரிப்பையே நிறுத்தி வைத்திருப்பதை டாக்டரிடம் சொல்லலாம்தான். இரண்டு தடவை புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பினேன். சீட்டு வந்த அன்று அவர் அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனசு வராது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒன்றாம் தேதிக்கு முந்தின ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கிவிட்டு ஃபோனைக் கொடுக்கிறேன். கணக்கு வாத்தியார் சைக்கிளை நீங்கள் இருவரும் மரத்தில் ஏற்றிய கதையை எடுங்கள். விழுந்தால் அவருக்கே தெரிந்துவிடும், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விழாவிட்டால் அண்ணி ஒரு மடச்சி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளுங்கள். நானே சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனால் பயந்து ஃபோனை வைத்துவிடாதீர்கள். அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அதுவரை ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள்.

இப்படியொரு பாரத்தை உங்கள் தலையில் வைப்பதற்கு மன்னியுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். சரிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவர் வாய்விட்டுச் சிரிப்பார், தம்பி. அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்களுக்கு மூன்று மாதமாகிறது. அவசரப்படாமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி