பின்வரிசைக்குச் சொல்லாத வாக்கியம்

அன்று மேடையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். மறந்து போகவில்லை, நாக்குக் குழறவில்லை, புரியாமலும் இல்லை. சொல்ல மாட்டேன் என்றுதான் விட்டேன்.

இன்று காலை சேவைச் சங்கத்துச் செயலாளர் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து, இந்த ஆண்டு விழா அழைப்பிதழை என் மேசைமேல் வைத்தார். மூலைகளில் தடவியிருந்த சந்தனம் இன்னும் காயவில்லை. அந்த வாசனையில் நீ வந்து நின்றாய், தோளில் பொன்னாடை, கழுத்தில் சந்தன மாலை, முகத்தில் மட்டும் விழாவின் களை இல்லாமல்.

"மெட்ராஸ்ல இருந்து பேச்சாளர் வாராவ டீச்சர். இங்கிலீஷ்லதான் பேசுவாவ. முன்ன மாதிரி நீங்கதான் தமிழ்ல சொல்லணும்."

வர மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். "உங்களுக்கே தெரியும் அண்ணாச்சி" என்றேன். எழுந்து போய்விட்டார். நீயாக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் சுகம் விசாரித்து, அதற்கப்புறம் மறுத்திருப்பாய். எனக்கு அந்த நயம் வாய்க்கவில்லை.

ஏரலிலிருந்து உயர்நிலைப் பள்ளி வேலைக்கு வந்து உங்கள் வீட்டு மாடியறையில் நான் குடியேறிய முதல் வாரமே, குசினியிலிருந்து உன் குரல் மேலே வந்தது. "ஏரல்காரிக்குச் சோறு வைக்காதீங்கம்மா, அவ புஸ்தகத்தத் தின்னு தண்ணி குடிச்சிருவா." யாரிடமும் லேசில் பேசாத நான் அன்று கீழே இறங்கி வந்து சாப்பிட்டேன். கடற்கரைத் தெருவில் பிறந்து அங்கேயே தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த உனக்கு, மேலே இருப்பவர்களைக் கீழே இறக்குவது கைவந்த வேலை.

சங்கு குளிக்கும் காலம் வந்தால் உங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். பையன்கள் அப்பாவோடு தோணியில் போவார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்ப்பார்கள். காலம் முடிந்து திரும்பினால் வருகைப் பதிவேட்டில் பேர் இருக்காது. அப்படிப் பேர் அடிபட்டவர்களைத்தான் நீ மாலையில் சேர்த்து உட்கார வைத்து, எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதத் தயார் செய்தாய். இடம், சங்கத் தலைவருடைய கிட்டங்கி, சரக்கு அடுக்கும் கிடங்கு. புதுத் துறைமுகம் வந்தபின் சரக்கு வரத்து அந்தப் பக்கம் போய்விட, பழைய கடற்கரையோரம் அது சும்மா கிடந்தது. சாவி கொடுத்தார், மின்விளக்கு போட்டுக் கொடுத்தார். ஊரில் வேறு யாரும் கொடுக்கவில்லை. அந்த நன்றியை நீ ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை.

தேர்வு நெருங்கியிருந்த நேரத்தில் அந்த விழா வந்தது. ஊர் ஆசிரியர்கள் சிலரோடு உனக்கும் பொன்னாடை. பிள்ளைகளின் தாய்மாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். ஆண் ஆசிரியர்கள் மட்டும் ஏற்புரை சொல்வது சங்கத்து வழக்கம். "லேடீஸ் கும்பிட்டாப் போதும்" என்று செயலாளர் சொல்லிவிட்டுப் படி இறங்கியதும் நீ சொன்னாய்: "போத்துதது துணிய, பொத்துதது வாய. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குமாம்ளா."

பேச வந்தவர் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி. தமிழர்தான். காபியில் சர்க்கரை குறைவு என்று நல்ல தமிழில்தான் சொன்னார். ஒலிபெருக்கி முன் நின்றதும் ஆங்கிலமாகிவிட்டார். முன்வரிசையில் சங்கத்தார், பின்வரிசைகளில் உங்கள் தெருப் பெண்கள். அந்தப் பின்வரிசைக்காக நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நடுவில் அதைச் சொன்னார். மீனவப் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே படிப்பு ஏறாது. அப்படிப்பட்டவர்களையும் இந்தப் பெண்மணி பழக்கி வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம். ஆங்கிலத்தில் அது வழுவழுவென்று, பாராட்டைப் போலவே இருந்தது. முன்வரிசை கை தட்டியது. நான் சரியான சொல்லைத் தேடினேன். அவர் சொன்ன வினைச்சொல்லுக்கு நேராக எனக்குக் கிடைத்தது எங்கள் வயல்காட்டுச் சொல்: வசக்குவது. இளங்காளையை ஏரில் பூட்டி, கழுத்து காய்ப்பேறும் வரை நடத்தி, சொன்ன பக்கம் திரும்ப வைப்பது. அதை என் வாயால் அந்தத் தாய்மார் முகத்தில் எறிய மாட்டேன் என்று அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

ஆனால் முன்வரிசை தட்டுவதைப் பார்த்துப் பின்வரிசையும் தட்டியது. உன் அம்மாவும் தட்டினாள்.

நீ அதைத்தான் பார்த்திருக்கிறாய். பேச்சு முடிந்து பொன்னாடை போர்த்தினார்கள். கும்பிட்டாய். இறங்காமல் நேரே ஒலிபெருக்கி முன் வந்தாய்.

"ஏளா," என்று என்னைக் கூப்பிட்டாய், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "நடுவுல ஒண்ண முழுங்கிட்டே. துப்பு."

நான் தலையசைத்து மறுத்தேன்.

"சரி, நானே சொல்லுதேன். ஐயா என்ன சொன்னாவன்னா, நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதாம். நான் அதுகள வசக்கி வச்சிருக்கேனாம். மாட்ட வசக்குத மாதிரி. இதுக்குத்தான் இப்ப கை தட்டுனீங்க."

நான் விழுங்கிய அதே சொல். பொங்கலுக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது காளையைப் பார்த்து என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது.

பின்வரிசையில் மீன் விற்கிற ஒருத்தி எழுந்தாள். "கடல்ல யாரு டீச்சர் ஏரு கட்டுதா, மாட்ட வசக்க? எம்மவ போடுத கணக்குலதான் நான் ஏவாரமே பண்ணுதேன். ஐயாட்ட இங்கிலீசுல சொல்லுங்க." பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

தலைவர் மேசைமணியைத் தட்டினார். பேச்சை நிறுத்து என்று அதற்கு அர்த்தம்.

"பள்ளிக்கூடத்து மணிய தினமும் நான்தான் அடிக்கேன் அண்ணாச்சி," என்றாய், குரலை உயர்த்தாமல். "எப்ப நிறுத்தணும்னு தெரியும். இன்னும் ஒரு வார்த்தைதான். எங்க பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாம இல்ல. பதிவேட்டுல பேரு ஏறல. பேர ஏத்துங்க, படிப்பு தன்னால ஏறும்."

அதற்கு முன்வரிசை தட்டவில்லை.

வாசற்படியில் தலைவர் நம்மை நிறுத்தினார். கோபத்தைவிட அவருக்கு வருத்தம்தான் அதிகம் என்று இன்று நினைக்கிறேன். "விருந்தாளிய வச்சிக்கிட்டு இப்படியாம்மா? உள்ள போயி ஒரு வார்த்த தப்புன்னு சொல்லிருங்க. கிட்டங்கிய நான் சும்மாத்தான குடுத்திருக்கேன்."

அவர் சொன்னது நமக்குப் புரிந்தது. தேர்வு வாசலில் நிற்கிற பிள்ளைகள், அந்த விளக்கு, அந்தத் தரை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. நான் உன்னைப் பார்த்தேன். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"எடம் குடுத்ததுக்கு என்னைக்கும் நன்றி உண்டு அண்ணாச்சி. தப்பில்லாததத் தப்புன்னு சொல்லிட்டு, நாளைக்கு அதுகளுக்கு நான் எதச் சரி, எதத் தப்புன்னு திருத்த?" என்று சாவியை எடுத்து நீட்டினாய்.

"சாவிய நான் கேக்கலையே."

"கேக்கதுக்கு முந்தி குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் மரியாதை."

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் நாம் சண்டை போட்டோம். அவர்களை ஏன் நோகடிக்க வேண்டும், அதனால்தான் விட்டேன் என்றேன். "நோகட்டும்ளா. என்னன்னு தெரியாம கை தட்டுறது அதவிடக் கேவலம்" என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போன ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டு போகும்வரை அந்தச் சண்டையை நாம் விட்டு விட்டுத் தொடர்ந்தோம். இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ சொன்னது சரி. நான் சொல்லாததும் சரி. ஓர் இழிசொல்லுக்கு என் நாக்கைக் கடன் கொடுக்க மாட்டேன் என்பதும் ஒரு பதில்தான்.

ஆனால் ஒரு பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தப் பெரிய புத்தகத்தைப் படித்தாலும், மனதுக்கு இதமான வாக்கியம் வந்தால் நிறுத்துகிறேன். உங்கள் தெருப் பெண்கள் முன்னால் நின்று இதைத் தமிழில் உரக்கச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். முடியாதென்றால், அதை எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

கிட்டங்கியை அந்த விழாவுக்கு அடுத்த வாரமே ஒரு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டார்கள். வகுப்பு, வலை வைக்கிற கொட்டகைக்குப் போனது. பிள்ளைகள் எல்லோரும் தேர்வு எழுதினார்கள். பாதிப் பேர் தேறினார்கள். மற்றவர்கள் மறுபடியும் எழுதினார்கள்.