சூர்யலங்காவுக்கு மூன்று பேர்

என் பாசத்துக்கும் சண்டைக்கும் உரிய சுமதியக்காவுக்கு,

கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரக்கோணத்தில் லேப் வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். உட்கார இடம் கிடைத்தாலும் கதவோரம் நின்றபடியே திருத்தணி வந்து சேர்கிறேன். செல்போனில் மேப்பைத் திறப்பேன். நாகலாபுரம், சத்தியவேடு, தடா, நெல்லூர் என்று விரலாலேயே போவேன். சீராலா வருவதற்குள் மூடிவிடுவேன்.

எல்லாம் உன் பயணம்தான், அக்கா. தாரணிக்கு முழுப்பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று நீ ஏற்பாடு செய்துகொண்டிருந்த அதே கடற்கரைப் பயணம். மகாபலிபுரம், பாண்டிச்சேரிப் பக்கமெல்லாம் தங்கி நமக்குக் கட்டுப்படியாகாது, ஆந்திரா பக்கம் போனால் செலவு பாதியாகிவிடும் என்று நீதான் திசையை வடக்கே திருப்பினாய். ஓட்டல் வேண்டாம், கடலோரம் மரக்கேபின் எடுத்துக்கொண்டு, சின்ன சிலிண்டர் அடுப்பில் நாமே பொங்கிச் சாப்பிடலாம் என்றாய். பீன்ஸ் நறுக்கும்போதுகூட உனக்கு அந்தக் கேபின் வீடியோக்கள் ஓட வேண்டும். உன்னைக் கட்டிய பாவாவின் பழைய ஆம்னி வேன் அவ்வளவு தூரம் தாங்குமா என்று நான் கேட்டதற்கு, "போற வரைக்கும் போவட்டும், அப்புறம் தள்ளிகினு போலாம்" என்று சிரித்தாய்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் நீ இல்லை. யாரைக் கேட்டுப் போனாய்?

நீ போனதும் நம் நைனா உன் பெண்ணை நம் கண்டிகை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அம்மா போன பிறகு நைனாவும் நானும் மட்டும் இருந்த வீட்டில் இப்போது தாரணியின் புத்தகங்கள், கொலுசுச் சத்தம். நாள் முழுக்க எலெக்ட்ரிகல் கடையில் கிடக்கும் மனிதர் ஒரு பெண்பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நைனா கேட்டார். பாவா விட்டுக்கொடுத்தார். தினமும் கடையைச் சாத்திவிட்டு வருவார், மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார், போய்விடுவார்.

தாரணி பல மாதம் எங்களிடம் எதையுமே கேட்கவில்லை. பசிக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றுதான் வாயைத் திறந்தாள். "சித்தி, அம்மா சொன்ன டூர் போலாமா?" எனக்கு எப்படி மறுக்க வரும்? போகலாம் என்றேன்; பாவாவும் வேனை எடுத்து வருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து அவளும் நானும் எங்கே தங்குவது, எங்கே சமைப்பது, டீசென்டான பாத்ரூம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பேசிப் பேசி உன்னையே கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

அப்போதுதான் ஒருநாள் சாப்பிடும்போது நைனா சொன்னார். "வைகாசில ஒரு முகூர்த்தம் பார்த்து மலைமேல தாலிய கட்டிடலாம். அப்புறம் மூணு பேரும் எங்க வேணும்னாலும் போய்கினு வாங்க."

யாருக்கு யார் தாலி கட்டுவது என்று நான் கேட்கவில்லை. பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நைனாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அக்கா. ஒரு மகளைப் பறிகொடுத்தவர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இன்னொரு மகள் எதிரில் நிற்கிறாள். தாயில்லாத பேத்தி. ஒரு முடிச்சுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீராலா தாண்டிச் சூர்யலங்கா கடற்கரையில் கேபின் வைத்திருப்பவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். தெலுங்கில் நிதானமாகப் பேசினார். பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்பிள்ளை என்றேன். புருஷன் பெண்டாட்டிதானே, ஒரே கேபின் போதுமே என்று கேட்டார். அவருக்கு அது வழக்கமான கேள்வி. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பாவாவைப் பிடிக்கவில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. கோபத்தில்கூடக் குரலை உயர்த்தாதவர். ஆனால் நீ கல்யாணமாகிப் போனபோது நான் ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிள் செயின் கழன்றால் அவரிடம் போய் நிற்பேன். அந்த முகத்தை இப்போது வேறு விதமாக எப்படிப் பார்ப்பது?

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்றாவது அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்வார். தாரணி அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே எனக்கு என்ன உரிமை இருக்கும்? இந்தப் பயத்துக்காகத் தலையை நீட்டிவிடலாமா என்றுகூட ஒரு காலையில் தோன்றியது. நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாய். திட்டியிருப்பாயா? இல்லை, என் பிள்ளைக்காகச் செய்யேண்டி என்று கையைப் பிடித்திருப்பாயா? இதை நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்த வாரத்திலிருந்து பாவா வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வெளியே நின்று ஹாரன் அடிப்பார். தாரணி ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவாள். நைனா அவரிடமும் சொல்லிவிட்டார் என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துக் கடைக்கே போனேன்.

கடை வாசலில் வேன் நின்றிருந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, தாரணி படுத்துக்கொண்டு வர வசதியாகப் பலகை போட்டு, மேலே மெத்தையும் தைத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும், வழியெல்லாம் யோசித்துவைத்த பேச்சு மறந்துபோனது. நேராகவே கேட்டேன்.

"நைனா உங்ககிட்ட சொன்னாருங்களா, பாவா?"

"ஆங், சொன்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

கையிலிருந்த ஒயரைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொன்னா பொண்ண என்கிட்ட தராம போயிடுவாரோன்னு பயந்துகினு கீறேன். ஆனா எனக்கு மனசு வராது, ரேவதி. உன்ன ஸ்கூல் யூனிபாரத்துல பார்த்தவன் நான்."

எனக்கும் அதே பயம்தான் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, எதிர்க்கடையில் டீ சொன்னார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருவரும் குடித்தோம். பல வாரங்களுக்குப் பிறகு நான் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான். சேர்ந்தே போய் நைனாவிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, அதே வேனில் கண்டிகைக்கு வந்தோம்.

நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கல்யாணமாகாத பெண்ணும் பெண்டாட்டியை இழந்தவனும் ஊர் ஊராகப் போய்த் தங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். "அவங்க ரெண்டு பேரும் கேபின்ல இருக்கட்டும், நான் வேன்லயே படுத்துக்கறேன், மாமா" என்றார் பாவா. நைனா அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு அம்மா வேணாமா?" என்றார்.

தாரணி கதவருகே நின்றிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"எனக்கு அம்மா இருந்தாங்க, தாத்தா. சித்தி சித்தியாவே இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். உன் குரல்தான், அக்கா. அடம்பிடிக்கும்போது உனக்கு வரும் அதே கட்டைக்குரல். நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கழனிப்பக்கம் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை. காபி வைத்தால் குடிப்பார், டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

நேற்று காலை நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த கேபினுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குதான்னு கேட்டியா?"

"கேக்கறேன், நைனா."

"வெறுமனே கேட்டா பத்தாது. கெட்டியா இருக்குதான்னு கேளு."

ஸ்டேஷன் போகும் வரைக்கும் ஆட்டோவில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம். பாவா நெல்லூர்ப் பக்கத்து மைப்பாடு கடற்கரையிலும் சூர்யலங்காவிலும் கேபின் சொல்லிவிட்டார். அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாம் இங்கிருந்தே போகிறது. முன் சீட் தனக்குத்தான் என்று தாரணி இப்போதே பிடித்துவைத்துவிட்டாள். பள்ளி திறந்ததும் அவள் யார் வீட்டில் இருப்பாள் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நைனா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்துவிடுகிறார்.

என் கால் இன்னும் தரையில் பாவவில்லை, அக்கா. நீ ஆசைப்பட்ட கடலில் நீ இல்லாமல் எப்படி இறங்குவேன்? தாரணி அங்கே அழுதால் தேற்றுவேனா, நானும் சேர்ந்து அழுவேனா? தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பாவா ஒருநாள் இன்னொருத்தியைக் கூட்டி வரலாம். அன்று என் மனசு என்ன பாடுபடும் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கும் நான் போவேன். யார் முகம் எப்படி இருந்தாலும் உள்ளே போய் உட்காருவேன். தாரணி சாப்பிட்டாளா என்று கேட்டு, அவள் வாயால் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் எழுந்து வருவேன். இது உன் மேல் சத்தியம்.

உன் தங்கை,
உன் பெண்ணுக்கு எப்போதும் சித்தி,
ரேவதி