நாலாம் எண்ணுக்கு இருவர்

கொடியிடைநாயகி துணை

திருமுல்லைவாயில்,
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் லோகேஷுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு நடமாடுகிறோம், அங்கே ஜெர்மனிக் குளிரில் உன் தொண்டை வலி விட்டதா இல்லையா என்பதுதான் என் கவலை. நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். பெண் வீட்டார் உன்னைப் பிடிக்காமல் வேண்டுமென்றே வீடியோ காலைத் துண்டித்துத் துண்டித்து விட்டார்கள், இனி எனக்குப் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை கண்ணா, துண்டித்தது நான்தான். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய், எனக்கும் கோர்வையாக வராது, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறேன், ஏதாவது பக்கம் வரவில்லை என்றால் எண்ணைச் சொல், மறுபடி அனுப்புகிறேன். நெட்டில் சாமான் அனுப்பும் முறைகளில் டி.சி.பி. என்பதும் இப்படித்தானாம், வந்து சேர்ந்ததா என்று கேட்டுக் கேட்டு அனுப்புமாம். வீடியோ கால் பெரும்பாலும் போவது யு.டி.பி. என்ற இன்னொரு முறையில், அதில் விட்டது விட்டதுதான், நின்று பொறுக்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒவ்வொரு முறை நெட் போகும்போதும் ரவுட்டரை அணைத்துப் போடு அம்மா, அணைத்துப் போடு அம்மா என்றே நீ சொன்னதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தை மாதத்திலிருந்து, மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு யூடியூபில் தமிழ்ப் பாடம் பார்த்து நோட்டில் குறித்து வருகிறேன். டி.என்.எஸ். என்றால் நம் கோயில் வாசல் பூக்கடை நாகம்மாள் மாதிரி, பேரைச் சொன்னால் கதவு எண்ணைச் சொல்லிவிடுவாள், எந்தத் தபால்காரரும் அவளைக் கேட்டுத்தான் போவார். டி.எச்.சி.பி. என்றால் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் கொடுக்கிறவர். வருகிற போனுக்கும் டிவிக்கும் காலியாக இருக்கும் எண்ணைக் கொடுப்பார், நாளைக்குப் போனால் வேறு எண் வந்தாலும் வரும். இதுவரைக்கும் நான் நன்றாகத்தான் படித்தேன்.

வினை எங்கே வந்தது என்றால், அப்பா போனுக்கு அந்த டோக்கன் ஆள் எட்டாம் எண்ணைக் கொடுத்திருந்தார். எட்டு சனியின் எண், அப்பாவுக்கோ அஷ்டமச் சனி நடக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? யாருக்கு எந்த எண் என்று நானே நிலையாகப் போட்டுவிட்டேன், அவரவர் நட்சத்திரப்படி. ஒன்று ரவுட்டருக்கே இருக்கிறது, பிள்ளையார் மாதிரி, அதைத் தொடவில்லை. நான் பூரம், அசுவினியிலிருந்து எண்ணினால் பதினொன்று. அப்பா ரோகிணி, நாலு. டிவிக்கு நட்சத்திரம் ஏது? வீட்டுக்கு வந்த நாளின் நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் போட்டேன். அதுவும் ரோகிணி. ஒரே நட்சத்திரத்தில் எத்தனை பேர் பிறக்கிறார்கள், ஒருவருக்கொருவர் இடைஞ்சலா என்று நினைத்தேன். நெட்டில் அது இடைஞ்சல்தானாம். நாலாம் எண் யார் என்று ரவுட்டர் கூவிக் கேட்கும், அந்தக் கூவலுக்கு ஏ.ஆர்.பி. என்று பேர். டிவியும் நான் என்னும், அப்பா போனும் நான் என்னும், கடைசியாகக் கத்தினவர் கைக்குச் சாமான் போய்விடும். அந்தப் பாடத்தை நான் இன்று காலைதான் பார்த்தேன்.

நேற்று மூன்று மணிக்கே அவர்கள் மண்ணூர்பேட்டையிலிருந்து வந்துவிட்டார்கள், பவ்யா, அவள் அம்மா ராஜம்மா, பெரியப்பா உலகநாதன். நீ போன முறை மாட்டிவிட்டுப் போன கேமராவோடு டிவியிலேயே உன்னைக் கூப்பிட்டோம். அப்பா தெருமுனைக்குப் பால் வாங்கப் போயிருந்தார், படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பா பாலோடு உள்ளே வந்தார், நீ ஒரு கண்ணை மூடி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாய். இஞ்சி வாங்கி வாருங்கள் என்று விரட்டினேன், நீ அசைந்தாய், வணக்கம் என்றாய். இஞ்சியோடு வந்தார், மறுபடி சிலை. இப்படி வெற்றிலைக்கு ஒரு தடவை, மறந்த பாக்குக்கு ஒரு தடவை, சுண்ணாம்பு, சர்க்கரை, பழம் என்று இன்னும் மூன்று தடவை. உலகநாதன் வெள்ளந்தியான மனிதர், மனசில் பட்டதைக் கேட்டுவிட்டார். "இன்னாம்மா இது, நைனா உள்ள வந்தா புள்ள கல்லு மாரி ஆய்டுது, வெளிய போனா பல்லக் காட்டுது. சின்னதுல அடி ஜாஸ்தியா?" அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உன்னை ஒரு நாள் ஓங்கிக்கூட அதட்டாத மனிதர், நான் யாரையும் அடித்ததில்லைங்க என்றார், அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ராஜம்மா தன் மகள் காதில், "அப்பனுக்கே இப்டி பயந்துகினு கீறவன் நாளிக்கு உனக்கு ஒண்ணுன்னா எதிர்ல நிப்பானாடி?" என்று சொன்னது சமையலறை வரை கேட்டது.

மணி நாலேகால். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அப்பா கோபித்துக்கொண்டு போனை பிரிட்ஜ் மேல் வீசிவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். நீ அசையவே இல்லை. "மனுஷன் வெளிய கீறாரு, இன்னும் கல்லாத்தான் கீதே" என்று உலகநாதன் எழுந்துவிட்டார், ராஜம்மாவும் பையை எடுத்தாள். எனக்கு அப்போதுதான் பிரிட்ஜ் மேல் கண் போனது, ஆள் வெளியே, போன் உள்ளே. நோட்டைப் புரட்டினேன். ரோகிணி நாலு, ரோகிணி நாலு, என் கையெழுத்தில் இரண்டு வரி. பேசாமல் போனை அணைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பையன் பயந்தவன், அப்பன் அடிக்கிறவன் என்ற பேச்சோடு அவர்கள் படி இறங்கிப் போயிருப்பார்கள். அம்மனை நினைத்துக்கொண்டு, தப்பு என்னுடையது என்று நோட்டை நடுக்கூடத்தில் விரித்து வைத்து நட்சத்திரக் கதை முழுவதையும் சொன்னேன். அப்புறம் உலகநாதன், "யம்மா, டிவிக்கு ஜாதகம் பார்த்த மொத ஆளு இந்த ஏரியாவுலயே நீதான்" என்று சிரிக்க ஆரம்பித்தவர், புரையேறி, தண்ணீர் குடித்த பிறகுதான் அடங்கினார். நான் அப்பா போனில் எண்ணைத் தானாக எடுத்துக்கொள் என்று மாற்றினேன், டிவியிலும் அப்படியே. நாலு இருபத்திரண்டுக்கு நீ வந்தாய். எட்டு நிமிஷம் பேசினீர்கள். நாலரைக்கு நான்தான் ராகுகாலம் என்று அணைத்தேன், அவர்கள் இல்லை. அதை அவர்கள் தலையில் போட்டு நீ கோபித்துக்கொள்ளாதே.

அப்பா இன்னும் என்னோடு முழுசாகப் பேசவில்லை. எனக்கு அடிக்கிறவன் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டாயே என்று காலைக் காப்பிக்கு ஒரு தரம், இட்லிக்கு ஒரு தரம். நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன்.

இனி முக்கியமான சங்கதி. ராஜம்மாவும் பெரியப்பாவும் ஆட்டோவில் ஏறின பிறகு பவ்யா கேட்டுக்குத் திரும்பி வந்தாள். அவள் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்துத் தரம் சொல்கிற வேலை செய்கிறாள், எண்ணுகிற பழக்கம் போகாது போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, ஏழு தடவ கட்டாச்சு. ஏழு தடவையும் திரும்பி வந்து மொதல்ல வணக்கம்னுதான் சொன்னாரு. ஒரு தடவகூட மூஞ்சி சுளிக்கல, கட் பண்ணிட்டுப் போவல. எங்க ஊட்ல ஒரு தடவ லைன் போனாலே ரிமோட்டு பறக்கும். எனக்கு சரின்னு சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

உன் பதிலை என்னிடம் சொல்லாதே, அவளிடமே சொல். வியாழக்கிழமை உன் ஊர் நேரம் மத்தியானம் இரண்டு மணிக்கு அவளே உன் போனில் கூப்பிடுவாள், நாங்கள் யாரும் நடுவில் இருக்க மாட்டோம். அதற்குள் முடி வெட்டிக்கொள். தொண்டைக்கு மிளகுப் பால் குடி. அம்மன் உன்னைத் தீர்க்காயுசாக வைத்திருக்கட்டும், நினைத்த நல்லது உனக்குக் கூடி வரட்டும்.

என்றும் உன் நினைவில் வாழும் அம்மா,
வனஜா சண்முகசுந்தரம்