செந்துறை எந்த மாவட்டம்?

அன்புள்ள அப்பாவுக்கு, பூங்குழலியின் வணக்கம். உங்களுக்கும் அம்மாவுக்கும் காய்ச்சல், சளி இல்லையே? நான் நலம்.

கொரோனாவுக்காக மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்ப நம் அரசு விட்ட விமானத்தில் எனக்கு இடமில்லை.

"பாஸ்போர்ட்ல பெரம்பலூர், ஆதார்ல அரியலூர். எதும்மா உன் ஊரு?" என்றார் தூதரகத்தில் பட்டியல் எழுதியவர்.

"செந்துறை, சார். நான் பொறந்தப்ப பெரம்பலூர் மாவட்டம். அப்புறம் பிரிச்சது நீங்கதான்."

"இந்த வாய்க்கு அடுத்த பட்டியல்ல பாக்கலாம்."

வேலைக்குப் புறப்பட்டபோது எந்த மாவட்டம் என்று எவரும் கேட்கவில்லை, திரும்பும்போதுதான் கேட்கிறார்கள்.

அறையில் மற்ற மூவரும் ஊருக்குப் போய்விட்டார்கள், மூன்று கட்டிலும் காலி. செந்துறை இடம் மாறவில்லை என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி அனுப்புங்கள். அம்மாவை அனுப்பாதீர்கள், அவள் வாய் என்னைவிட மோசம்.

கூடவே நம் தெருவைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அது சான்றுக்கு அல்ல.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
பூங்குழலி