நைலோன் நரம்புக்கு ஒரு பிக்கப்

வியாழன், இரவு.

கிற்றாரின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப மலிவாக ஒரு பிக்கப் வாங்கக் கல்முனை பஸாருக்குப் போனேன். கடைக்கார நானா காந்தப் பிக்கப்பை நீட்டினார். என்னுடையது நைலோன் நரம்பு, அதன் அதிர்வைக் காந்தம் பிடிக்காது என்றேன்.

“அப்ப இரும்புக் கம்பி போடுங்க தம்பி.”

போட்டால் அந்த இழுவைக்கு, நரம்பைக் கட்டியிருக்கும் பிரிட்ஜே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் ஒட்டுகிற ரகம் ஒன்றைக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டி, நகத்தால் தட்டிக் காட்டினார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. விலையும் தோதாக இருந்ததால் வாங்கினேன்.

மாலையில் கோயிலில் பாடற்குழு ஒத்திகை. பிக்கப்பை ஒட்டியதும் முதலில் ஸ்பீக்கரில் என் சட்டைப் பொத்தான் கிற்றாரில் உரசுவதுதான் கேட்டது. சற்று விலக்கிப் பிடித்தேன். நரம்பு கேட்டது. பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த மேரி அக்கா நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“இவ்வளவு காலமும் நீங்க சும்மா பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்கெண்டுதான் நினைச்சன் தம்பி.”

ஏழு வருடம்.

ஞாயிறு பூசைக்குப் பொத்தான் இல்லாத சட்டை போட வேண்டும்.