எனக்காகக் கீறிய ஆட்டம்

மச்சான்,

போன சனிக்கிழமை காலை அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, புதிதாக வாங்கிய வாய்க்காப்பை அதில் போட்டேன். ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் நாம் செய்கிற வேலைதான். பிளாஸ்டிக் இளகியதும் வாயில் வைத்துக் கடித்துப் பல்லின் அச்சைப் பதிக்க வேண்டும். அந்த மணம் குசினி முழுக்கப் பரவியது. முன்பெல்லாம் அந்த மணத்துக்கே எனக்குக் கால் துறுதுறுக்கும். இம்முறை எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "இந்த வருசமும் விளையாடப் போறீங்களோ?" என்று கேட்டாள். வாய்க்குள் வாய்க்காப்பு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. தலையை மட்டும் ஆட்டினேன். அது ஓமா இல்லையா என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

நீ போய் ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இந்த மடலில் உன்னைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நிறைய நாள் இருந்தது.

உன் அம்மாவுக்கு இந்த அமெரிக்க உதைபந்தை நீ விளங்கப்படுத்திய நாள் நினைவிருக்கிறதா? "அம்மா, முன்னுக்கு அஞ்சு தடியங்கள் நிப்பாங்கள். எதிராக்களைத் தள்ளி இடைவெளி எடுத்துக் குடுப்பாங்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஒண்டில் தூர எறிவான், இல்லாட்டில் பின்னால நிக்கிற ஓட்டக்காரனிட்டைக் குடுப்பான். ஓட்டக்காரன் இவன்தான். இடைவெளிக்குள்ளால ஓடுவான்."

"உதைக்கிறது எப்ப?"

"உதைக்கிறது குறைவம்மா."

"பிறகேன் உதைபந்து எண்டுறியள்?" என்று கேட்டுவிட்டு அன்ரி வடையைப் புரட்டப் போய்விட்டார்.

நான் ஓட்டக்காரனாக இருந்தேனே தவிர, நல்ல ஓட்டக்காரன் இல்லை. பந்து கைக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு நேராகப் பாய வேண்டும். அதுதான் அன்றைய ஆட்டமுறை. நானோ பந்தை வாங்கி அரை விநாடி நின்று பார்ப்பேன். அதற்குள் இடைவெளி மூடிவிடும். எதிரணித் தடியர்கள் என்மேல் விழுவார்கள். எங்கள் சுவிஸ் கழகம் முழுவதும் என்னைத் தூங்குமூஞ்சி என்றது. நீ அப்போது தோள்பட்டை முறிந்து விளையாட முடியாமல் போய், யார் எங்கே ஓடுவது என்று தாளில் அம்புக்குறி போட்டுத் தாக்குதல் ஆட்டங்களைக் கீறும் பொறுப்பை எடுத்திருந்தாய்.

உங்கள் கட்டடத்தில் உன் வீட்டுக்குத் துணி தோய்க்கும் முறை இரண்டு கிழமைக்கு ஒருதரம் சனிக்கிழமை வரும். நிலக்கீழ் தோய்ப்பறையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, நீ தரையில் குந்தி, துணிக்கிளிப்புகளை அடுக்கினாய். நீலம் நாங்கள், சிவப்பு எதிரிகள். என் பழைய ஓட்டங்களின் காணொளியைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாய். பிறகு ஒரு நீலக் கிளிப்பை இரண்டு சாண் பின்னால் தள்ளி வைத்தாய்.

"நீ பிந்தி ஓடேல்லை மச்சான். நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய். நாங்கள்தான் கதவை முந்தித் திறந்து முந்திப் பூட்டுறம்."

மாரி முழுவதும் கீறினாய். முன்வரிசையார் ஆளுக்கொரு பக்கம் தள்ளுவதை விட்டுவிட்டு, ஐந்து பேரும் ஒரே திசையில் சேர்ந்து நகர வேண்டும். நான் பின்னால் நின்று பந்தை வாங்கி, நடையாக நாலடி வைத்து, எங்கே திறக்கிறதோ அங்கே புக வேண்டும். எந்த இடைவெளி என்று முன்கூட்டியே யாரும் சொல்லமாட்டார்கள். நான் பார்த்து முடிவெடுக்கலாம். என் குறை என்று எல்லோரும் சொன்னதைச் சுற்றி ஒரு அணியையே நீ கட்டினாய். அந்தக் கோடையில் நாங்கள் வென்றோம். தூங்குமூஞ்சி என்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள். எனக்குச் சந்தோசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் சட்டையை என் உடம்புக்கு மட்டும் தைத்துவிட்டாய். குவார்ட்டர்பேக் ரேட்டோவுக்கு எங்கள் பிரிவிலேயே நல்ல எறிகை. அவனை நீ பந்தைக் கைமாற்றிக் கொடுக்கிற ஆளாக்கினாய். பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களை எனக்குப் பாதை விடத் தள்ளுகிறவர்களாக்கினாய். அவர்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குப் பாரம். எனக்குத் தடிமன் காய்ச்சல் என்றால் பயிற்சியே நின்றது. நான் விடுமுறைக்குப் போகுமுன் மற்றப் பத்துப் பேரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. உன்னிடம் ஒருதரம், "எனக்குப் பதில் ஆள் ஆர்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "உனக்குப் பதில் ஆளிருந்தால் நான் ஏன் இவ்வளவும் கீறுறன்?"

பிறகு அந்த ஆனி மாத ஞாயிறு. மேல்பிரிவுக்கு ஏறுவோமா என்று தீர்மானிக்கும் ஆட்டம் ஒரு கிழமை முந்தியே நடந்திருக்க வேண்டும். மழை பெய்து புல் ஊறிப்போனதால் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது, ஃப்ரிபூர்க்கில். அதே ஞாயிறு திரிம்பாக்கில் மண்டபம் எடுத்து அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்பெய்திய சடங்கு. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. முதல் தண்ணீரை மாமன்தான் வார்க்க வேண்டும். அங்கேயும் எனக்குப் பதில் ஆளில்லை.

ஒரு ஆளுக்குப் பதில் ஆளே இல்லாத இரண்டு இடங்கள், ஒரே நாளில். நீயோ, "அக்காவோட நான் கதைக்கிறன்" என்று கிளம்பிவிட்டாய்.

"மாமன் தண்ணி வாத்திட்டு ஓடினால் சபை என்ன சொல்லும்? படமெடுக்கேக்க ஆர் நிக்கிறது?" என்றாள் அக்கா.

"அக்கா, எனக்கு ஏழு மணித்தியாலம் தாங்கோ. படத்துக்கு நானே கொண்டுவந்து விடுறன்."

அக்கா உனக்கு இல்லை என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? காலை ஒன்பதரைக்கு மருமகளின் தலையில் பால் அறுகு வைத்து, தண்ணீர் வார்த்து, ஈர வேட்டியோடு உன் காரில் ஏறினேன். பேர்ண் தாண்டும்போது பின்னிருக்கையில் வேட்டி கட்டியபடியே தோள்கவசம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காரில் வந்த கிழவர் என்னைப் பார்த்த பார்வையை நீ மாதக்கணக்கில் நடித்துக் காட்டினாய்.

ஃப்ரிபூர்க்கில், ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில், நான் நின்று பார்த்த அரை விநாடியில், ஒருவன் பக்கவாட்டில் வந்து என் வலது முழங்காலில் மோதினான். உள்ளே ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. எழும்பினேன். இடைவேளையில் நீ தண்ணீர்ப் போத்தலோடு வந்து, "முழங்கால் எப்பிடி?" என்றாய். உன் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். எல்லா ஆட்டங்களிலும் அம்புக்குறி என்னிடமிருந்துதான் புறப்பட்டது. "ஒண்டுமில்லை" என்றேன். இரண்டாம் பாதி முழுக்க ஓடினேன். வென்றோம். பின்னேரம் மண்டப மேடையில், வேட்டிக்குள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்க, வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு மணித்தியாலம் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படங்கள் அக்காவின் வரவேற்பறையில் இருக்கின்றன. நான் அவற்றைப் பார்ப்பதில்லை.

உனக்குச் சொல்லவில்லை. பருவம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்ததும், நீ புதுப் பிரிவுக்காகப் புது ஆட்டங்கள் கீறத் தொடங்கியிருந்தாய். அவற்றிலும் அம்பு என்னிடமிருந்தே புறப்பட்டது. தை மாதத்தில் ஒருநாள் வேலையிடத்தில் தலையிடிக்குது என்று உட்கார்ந்தவன் நீ எழும்பவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்ததாம். முப்பத்து மூன்று வயது.

உன்னை எரிக்கக் கொண்டுபோன இடத்தில் கழகம் முழுவதும் அணிச்சட்டையோடு வந்து நின்றது. ரேட்டோ உன் அம்மாவின் முன்னால் வந்து, இந்தப் பருவம் உன் ஆட்டங்களைத்தான் ஆடுவோம் என்று அவருக்குத் தமிழில் சொல்லச் சொன்னான் என்னிடம். பத்து வயதிலிருந்து அரசாங்கக் கந்தோர்களில் பெற்றோருக்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள் நாம். வைத்தியர் சொல்வதைக் கொஞ்சம் குறைப்போம், வாத்தியார் சொல்வதைக் கொஞ்சம் கூட்டுவோம். அன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. "அன்ரி, உங்கட மகன் கீறினதை நாங்கள் ஒருநாளும் மாத்தமாட்டம் எண்டு சொல்லுறான்" என்றேன். ஒருநாளும் என்ற சொல் ரேட்டோவுடையதல்ல, என்னுடையது. அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அப்படித்தான் நான் மாட்டினேன். அன்ரி ஒவ்வொரு சொந்த மைதான ஆட்டத்துக்கும் ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து, மடக்குக் கதிரையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தார். "ஹொப், ஹொப்" என்று இங்கத்து ஆட்கள் போலக் கத்தப் பழகிவிட்டார். அவருக்கு முன்னால் நான் ஊசி போட்டுக்கொண்டு ஓடினேன். மருத்துவர் இன்னொரு பருவம் என்றால் படி ஏற முடியாமல் போகும் என்றார். போன வருடம் அநேகமாக எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். யானிக் என்று ஒருவன் வந்திருக்கிறான், கூரை வேலைக்காரன், மாடு மாதிரி நேராகப் பாய்கிறவன். உன் ஆட்டத்தில் அவனுக்கு இடமில்லை. மைதானத்தோர வாங்கில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறையும் நொண்டிக்கொண்டு வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் போனேன். இதெல்லாம் நீ செய்துவிட்டுப் போனது என்று உன்னைத் திட்டினேன். காரில் தனியாக இருக்கும்போது சத்தமாகவே திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை கழகக் கூட்டத்தில் எழும்பினேன். நீ என்னைப் பார்த்துக் கீறியது இது, இப்போது யானிக்கைப் பார்த்துக் கீற வேண்டும், எனக்கு முழங்கால் இல்லை என்று அவர்கள் மொழியில் சொன்னேன். ரேட்டோதான் கடைசியில் வாய் திறந்தான். நாங்கள் ஒரு பருவத்துக்கென்றுதான் நினைத்தோம், அந்த அம்மா வந்துகொண்டேயிருந்தார், உங்கள் வழக்கத்தில் இறந்தவர் வைத்துவிட்டுப் போனதைத் தொடக்கூடாதாக்கும் என்று விட்டுவிட்டோம் என்றான். பிறகு, "அவவுக்கு யார் சொல்வது?" என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளன் நானல்லவா.

நேற்றுப் போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அன்ரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குசினியில் உட்கார்ந்து, ஒருநாளும் என்ற சொல்லை நான் சேர்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப நான் இனி அந்தக் குளிருக்குள்ள வந்து இருக்கத் தேவையில்லையோ?"

"அன்ரி?"

"எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் விளங்கிறேல்லைத் தம்பி. நீங்கள் மாத்தமாட்டம் எண்டு சொன்னனீங்கள். நான் வராட்டில் பெடியளுக்கு மனம் நோகும் எண்டு வந்தனான்." பிறகு தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, "வலக்கால்தானே?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சாமத்திய வீட்டு மேடையில நீ காலை மாத்தி மாத்தி நிண்டதைக் கண்டிட்டு என்ர மகன் வந்து சொன்னவன். 'அம்மா, அவன்ர கால் போட்டுது. எனக்குச் சொல்லுறானில்லை.' நீயே கேளன் எண்டனான். 'கேட்டனான், ஒண்டுமில்லை எண்டுறான். அவன் தன்ர வாயால சொல்லட்டும், எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திருப்பிக் கீறுறன்' எண்டவன்."

நான் அங்கேயே மேசையில் தலையை வைத்து அழுதேன். அன்ரி முதுகைத் தடவிவிட்டார்.

இன்று ரேட்டோவும் நானும் யானிக்கை வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தைக் கீறினோம். எப்படி ஓடினால் உனக்கு வசதி என்று கேட்டேன். இதுவரை யாரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றான். நான்கு கோடு கீறுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நீ இதை ஒரு மாரி முழுவதும் செய்திருக்கிறாய்.

ஆனியிலிருந்து தை வரை ஏழு மாதம். கிழமைக்கு இரண்டு தரம் கோப்பி குடித்தோம். உலகத்துக் கதையெல்லாம் கதைத்தோம். அத்தனை தரமும் நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய் என்பதை இனி நான்தான் சுமக்க வேண்டும். மாட்டவைத்தது நீ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வலது முழங்கால், மச்சான். இரண்டாவது கால்பகுதியிலேயே போய்விட்டது.